டாக்டர் ஆகாமல் போன வாசனைக்காரர்

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, பழைய நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். ஹாஸ்டல் சாம்பார், ரயிலடி டீக்கடை, பரீட்சைக்கு முதல் நாள் நடராஜர் சந்நிதியில் போட்ட அவசர விண்ணப்பம் - இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். சோப்பு, ஊதுபத்தி, தலை எண்ணெய், முகப்பவுடர் இவற்றுக்கு வாசனை கூட்டிக் கொடுக்கிற தொழில். நாற்பது வருஷம் அதில்தான் காலம் தள்ளினேன். அதனால் அந்தத் தொழிலில் நம் நாட்டு முன்னோடிகளில் ஒருவரான எச். போஸைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். நேதாஜியா, செடிகொடிகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸா என்று நண்பர் கேட்டார். இரண்டு பேரும் இல்லை. இவர் ஹேமேந்திர மோகன் போஸ். வங்காளத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். நம் பக்கத்தில் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அவர் கதைக்குப் போவதற்கு முன், நான் எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே கடலோர மணல் கிராமம். அந்த மணலில் நெல் வராது; சவுக்கு வரும், மணிலா வரும், வெட்டிவேர் வரும். அப்பா வெட்டிவேர் போட்டிருந்தார். வேர் வெட்டுகிற நாளில் ஊரே மணக்கும். தோண்டியெடுத்த வேரை அலசிக் காயவைக்கும்போது வருகிற அந்த ஈர மண் வாசனைதான் எனக்குத் தெரிந்த முதல் சென்ட். ஆனால் அப்பாவுக்கு என்னை டாக்டர் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. சிதம்பரத்துக்கு வந்து வேதியியல் சேர்ந்தேன். 1981-ல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு சென்னையில் ஒரு சிறிய வாசனைக் கம்பெனியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தபோது, வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சென்ட் கடையில் வேலை பார்க்கிறான் என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கே கூச்சமாக இருந்தது.

எங்கள் லேபில் வயதான சீனியர் ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் தொழில் பழகியவர். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் குறையை அவரிடம் கொட்டினேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மெடிக்கல் காலேஜ் வாசலுக்கே போகாத நீ இப்படி அலுத்துக்கொள்கிறாயே, உள்ளே போய்ப் படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் வெளியே வந்து இந்தத் தொழிலை நடத்திய கதை தெரியுமா என்று கேட்டுவிட்டு, போஸின் கதையைச் சொன்னார். அன்று கேட்டது பாதிதான். மீதியை அப்புறம் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

போஸ் பிறந்தது 1860-களின் நடுவில், இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கிற மைமன்சிங் பகுதியில், ஜெயசித்தி என்ற ஊரில். படித்த குடும்பம். சித்தப்பா முறையாகும் ஆனந்த மோகன் போஸ், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்லர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1898-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். ஆகவே அந்தப் பெயர் அந்தக் காலத்துச் சென்னைப் பத்திரிகை வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். இப்படிப்பட்ட குடும்பத்துப் பையன் என்ன ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்? வக்கீல், டாக்டர், கல்லூரி ஆசிரியர். ஹேமேந்திரரும் கல்கத்தா மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார்.

அங்கேதான் விபத்து. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அமிலம் தெறித்துக் கண்ணில் பட்டுவிட்டது. மாதக்கணக்கில் வைத்தியம். படிப்பு நின்றுபோனது. வேதியியல் படித்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே கண் எரியும். பிப்பெட்டில் வாயால் உறிஞ்சிய தலைமுறை நாம். பாதுகாப்புக் கண்ணாடி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சொட்டு இப்படியோ அப்படியோ தெறித்தால் ஒரு வாழ்க்கையின் திசையே மாறிவிடும் என்பது லேபில் நின்றவர்களுக்குத்தான் புரியும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் கண்ணாடி போடச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

டாக்டர் ஆக முடியாது என்று ஆனபின் அவர் வீட்டோடு முடங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி இருக்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில் வாசனைப் பொருள் தயாரிக்க ஆரம்பித்தார். கல்லூரியில் பழகிய தாவர அறிவும் ரசாயன அறிவும் கையில் இருந்தன. தன்னைக் காயப்படுத்திய அதே ஆய்வுக்கூடத்தின் பாடங்களை எடுத்துக்கொண்டுதான் அவர் வெளியே வந்தார்.

அந்தச் சமயத்தில் உலகத்தில் இந்தத் தொழில் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை வாசனை என்றால் பூ, வேர், மரம், பிசின், கஸ்தூரி. 1868-ல் இங்கிலாந்தில் பெர்கின் என்ற வேதியியலாளர் கூமரினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். புதிதாக அறுத்த வைக்கோல் வாசனை அடிக்கிற பொருள் அது. 1874-ல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் வனிலின் செய்தார்கள். 1893-ல் வயலெட் பூவின் வாசனை தருகிற அயோனோன் வந்தது. 1882-ல் பாரிஸில் ஊபிகான் கம்பெனி கூமரினைச் சேர்த்து ஃபூஜேர் ரொயால் என்ற சென்ட்டை வெளியிட்டது. 1889-ல் கெர்லான் கம்பெனியின் ஜிக்கி வந்தது. பூவிலிருந்து வாசனையை எடுப்பது என்பது போய், இல்லாத வாசனையை மனத்தில் நினைத்துக் கட்டுவது என்கிற காலம் பிறந்துகொண்டிருந்தது. போஸ் கடை திறந்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

நம் நாட்டிலோ அத்தர் இருந்தது. கன்னோசியில் செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடிக் கொதிக்கவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். அருமையான பொருள், ஆனால் விலை அதிகம். இன்னொரு பக்கம் கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரச் சென்ட். அதுவும் விலை அதிகம். இரண்டுக்கும் நடுவே, மாதச் சம்பளக்காரன் தன் சம்சாரத்துக்கு வாங்கிக் கொடுக்கும்படியான, தரமான உள்நாட்டுச் சரக்கு இல்லை. அந்த இடைவெளியைத்தான் போஸ் கண்டுபிடித்தார்.

அவருடைய பெயர் பெற்ற தயாரிப்புகள் மூன்று. தலைக்குக் குந்தலீன் எண்ணெய். கைக்குட்டையில் தெளித்துக்கொள்ள தேல்கோஷ் என்ற சென்ட். வெற்றிலையில் சேர்த்துக்கொள்ள தாம்பூலீன். பெயர்களைக் கவனியுங்கள். குந்தலம் என்றால் தலைமுடி. நம் கூந்தலுக்குப் பக்கத்து வீடு. தாம்பூலம் நமக்குச் சொல்லவே வேண்டாம். தேல்கோஷ் என்றால் மனம் குளிரச் செய்வது. உள்ளூர்ச் சொல்லை எடுத்து, வாசலின், கிளிசரின் மாதிரி ஒரு சீமை வாலை ஒட்டிவிட்டார். கேட்டவுடனே பாட்டிக்கும் புரியும். பேரனுக்கும் நாகரிகமாகத் தோன்றும்.

பெயரைவிட முக்கியம் இடம். தலை, கைக்குட்டை, வெற்றிலை. மூன்றுமே ஜனங்கள் தினமும் புழங்குகிற இடங்கள். புதுப் பழக்கம் எதையும் அவர் யாருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை. ஏற்கனவே எண்ணெய் தேய்க்கிறார்கள், ஏற்கனவே வெற்றிலை போடுகிறார்கள். அதற்குள் வாசனையைக் கொண்டுபோய் வைத்தார். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. சென்ட் பாட்டிலுக்குள் நன்றாக இருந்தால் போதாது. அது யார் தலையில், எந்த வெயிலில், எந்த வியர்வையோடு கலக்கப்போகிறது என்று தெரிய வேண்டும்.

தலை எண்ணெய்க்கு வாசனை போடுவது சுலபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. எண்ணெய்க்கே சொந்த வாசனை உண்டு. நாளாக நாளாகக் காறல் அடிக்கும். முதலில் அதைத் தெளிவாக்கி, வடிகட்டி, அதன் வாடையைக் குறைக்க வேண்டும். பிறகு போடுகிற வாசனைப் பொருள் எண்ணெயில் கரைய வேண்டும், கலங்கக் கூடாது, நிறம் மாறக் கூடாது. எலுமிச்சை மாதிரி லேசான வாசனை பத்து நிமிஷத்தில் பறந்துவிடும். ரோஜா, மல்லி மாதிரி நடுவாசனை சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர் மாதிரிக் கனத்தவை கடைசிவரை தங்கும். தங்குவதோடு, மேலே உள்ளவற்றையும் சீக்கிரம் ஓடவிடாமல் பிடித்துவைக்கும். எங்கள் பாஷையில் அதற்கு ஃபிக்ஸேட்டிவ் என்று பெயர். பிடிமானம் என்று தமிழில் சொல்லலாம். பிடிமானம் இல்லாத சென்ட் கடையில் மணக்கும், வீட்டுக்குப் போவதற்குள் காணாமல் போய்விடும். இந்தப் பிடிமானம் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப வருகிறேன்.

சரக்கு தயார். வாங்க வேண்டுமே? உள்ளூர்ச் சரக்கு என்றாலே மட்டம் என்று நினைத்த காலம் அது. (இப்போது மட்டும் என்ன வாழுகிறதாம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) போஸ் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். சொந்தமாகக் குந்தலீன் அச்சகம் வைத்தார். இதற்கெல்லாம் மேலாக ஒரு காரியம் செய்தார். 1896-ல் குந்தலீன் பரிசு என்று ஒரு சிறுகதைப் போட்டி ஆரம்பித்தார். நிபந்தனை வேடிக்கையானது. கதையில் குந்தலீனோ தேல்கோஷோ எங்காவது வர வேண்டும். ஆனால் அது விளம்பரமாகத் தெரியக் கூடாது, கதையின் அழகும் கெடக் கூடாது.

வியாபாரத் தந்திரம்தானே என்று கேட்டால், ஆமாம், வியாபாரத் தந்திரம்தான். ஆனால் அதில் விளைந்ததைப் பாருங்கள். முதல் ஆண்டே பரிசு பெற்ற கதையை எழுதியவர் ஜகதீச சந்திர போஸ். ஆமாம், அந்த விஞ்ஞானியேதான். அவருடைய அக்காள் தங்கைகளில் ஒருவர் ஆனந்த மோகன் போஸின் மனைவி; அந்த வகையில் இரு குடும்பமும் சம்பந்திகள். கதை என்ன தெரியுமா? வங்கக் கடலில் பெரும் புயல் வரப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது. கல்கத்தாவே நடுங்குகிறது. புயல் வரவில்லை, எங்கே போயிற்று என்று விஞ்ஞானிகளுக்குப் புரியவில்லை. உண்மையில் நடந்தது, இலங்கைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஒருவர், அலை மலையாக எழும்பியபோது தன் கையிலிருந்த குந்தலீன் பாட்டிலைக் கடலில் கொட்டிவிடுகிறார். கடல் அடங்கிவிடுகிறது.

சிரிப்பு வருகிறதா? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் கூரையும் பலாவும் முந்திரியும் போய் நின்ற கடலூர்க்காரனுக்கு அந்தக் கதையைப் படிக்கும்போது சிரிப்போடு ஒரு பெருமூச்சும் வரும். ஒரு பாட்டில் எண்ணெய்க்குப் புயல் அடங்குமென்றால் நாங்கள் டின் டின்னாகக் கொட்டியிருப்போமே! ஆனாலும் கதையின் அடியில் ஒரு நிஜமான அறிவியல் இருக்கிறது. தண்ணீர் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவினால் சிற்றலைகள் அடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார். வங்க மொழியின் ஆரம்ப கால அறிவியல் கதைகளில் ஒன்றாக இதை இன்றும் பேசுகிறார்கள். ஜகதீசரே 1921-ல் இதை விரிவாக்கித் தன் நூலில் சேர்த்தார். இப்படிப் பேசப்படுகிற கதை பிறந்தது ஒரு தலை எண்ணெய்க் கம்பெனியின் போட்டியில்!

1903-ல் இன்னொரு கதைக்குப் பரிசு கிடைத்தது. பெயர் மந்திர், அதாவது கோயில். அனுப்பியவர் பெயர் சுரேந்திரநாத் என்று இருந்தது. உண்மையில் எழுதியது அவருடைய உறவினரான ஒரு இளைஞர்; தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் தயங்கி, மாமன் பெயரில் அனுப்பிவிட்டுப் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். அவர்தான் சரத் சந்திர சட்டோபாத்யாயர். 1917-ல் வெளிவந்த தேவதாஸை எழுதினாரே, அவர். நம் ஊரில் தேவதாஸ் படம் பார்த்து அழாதவர்கள் யார்? அந்த எழுத்தாளருக்கு முதலில் கிடைத்த அங்கீகாரம் இந்த வாசனைக்காரர் கொடுத்தது.

இந்த மாதிரி மனிதர்கள் அந்தத் தலைமுறையில் வேறு சிலரும் இருந்தார்கள். 1893-ல் அமிர்தாஞ்சனம் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், தலைவலித் தைலத்தில் சம்பாதித்ததை ஆந்திர பத்திரிகாவில் போட்டார். கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய், கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலையை வளர்த்தார். 1905-ல் வங்காளப் பிரிவினை வந்து சுதேசி அலை எழும்பியபோது, இவர்கள் சரக்கு ஏற்கனவே கடையில் தயாராக இருந்தது. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அதே அலையில்தான். அந்நியச் சென்ட் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, இதோ நம் சென்ட் என்று எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் பத்து வருஷம் முன்னாலேயே உழைத்திருக்க வேண்டியிருந்தது. கோஷம் ஒரு நாளில் போடலாம். சரக்கு ஒரு நாளில் வராது.

போஸுக்கு ஒரு தொழில் போதவில்லை. சைக்கிள் கடை வைத்தார். ஜகதீச சந்திர போஸ், பி.சி. ராய், புகழ்பெற்ற டாக்டர் நீல்ரத்தன் சர்க்கார் ஆகியோருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்ததே இவர்தான் என்று சொல்வார்கள். வேட்டி கட்டிய விஞ்ஞானிகள் மூவர் கல்கத்தாத் தெருவில் தள்ளாடித் தள்ளாடி சைக்கிள் பழகுகிற காட்சியை நினைத்தால் எனக்கு நம் நாலு வீதிகள்தான் ஞாபகம் வரும். மோட்டார் கார் வியாபாரமும் செய்தார். 1907-ல் பிரான்சில் லூமியேர் சகோதரர்களின் வண்ணப் புகைப்படத் தகடு வந்ததும், அதை வாங்கி இங்கே படம் எடுத்துப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் பெரியது ஒலிப்பதிவு. எடிசனின் ஃபோனோகிராஃபை வரவழைத்து, மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவு செய்து விற்றார். சுதேசி இயக்க நாட்களில் ரவீந்திரநாத் தாகூரையே பாடவைத்துப் பதிவு செய்தார். 1908 வாக்கில் பிரான்சின் பாத்தே கம்பெனியோடு சேர்ந்து அவற்றை வட்டத் தட்டுகளாகவும் கொண்டுவந்தார். அந்த உருளைகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மெழுகு அல்லவா, நம் வெயிலுக்குத் தாங்குமா? தப்பிப் பிழைத்த சிலவற்றால்தான் நடுவயதுத் தாகூரின் குரல் எப்படி இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது.

இங்கே என் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். இளவயதில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரே தொழிலில் ஊன்றி நின்றிருந்தால் போஸ் பாரிஸ்காரர்களைப் போல ஒரு பெரிய வாசனை நிறுவனத்தை விட்டுப்போயிருக்கலாமே, இப்படிச் சைக்கிள், கார், தட்டு என்று சிதறிவிட்டாரே என்று நினைத்தேன். இன்னொன்று, அவருக்கு இருந்த சுற்றம் எல்லோருக்கும் வாய்க்காது. சித்தப்பா காங்கிரஸ் தலைவர், சம்பந்தி விஞ்ஞானி, மனைவி மிருணாளினியோ எழுத்தாளரும் அச்சுக்கலை நிபுணருமான உபேந்திரகிஷோர் ராயின் தங்கை. அந்த உபேந்திரகிஷோரின் பேரன்தான் சினிமா மேதை சத்யஜித் ராய். இப்படி ஒரு வீடு இருந்தால் யாரும் எழுந்து நிற்கலாம், மணல் கிராமத்து வெட்டிவேர்க்காரன் மகனுக்கு என்ன இருக்கிறது என்று சீனியரிடம் வாதம் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, உனக்கு வெட்டிவேர் இருக்கிறதே என்றார். அன்றைக்கு அது எனக்குக் கிண்டலாகத்தான் பட்டது.

போஸ் 1916 ஆகஸ்ட்டில் காலமானார். ஐம்பது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தார். பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் நிதின் போஸ் இந்திய சினிமாவின் பெரிய இயக்குநர். 1935-ல் பின்னணிப் பாடலைப் படத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பிற்காலத்தில் தாதா சாகேப் பால்கே விருது பெற்றார். முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். கார்த்திக் போஸ் கிரிக்கெட் வீரர். மாலதி கோஷால் தாகூர் பாடல்களைப் பாடிப் பெயர் பெற்றவர். அப்பா வீட்டில் ஒலிப்பதிவு இயந்திரமும் கேமராவும் கிடந்தது வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாசனைக் கம்பெனி அவருக்குப் பின் சில காலம் நடந்து, மெல்லத் தேய்ந்துபோனது. இன்று போய்க் கேட்டால் குந்தலீன் கிடைக்காது.

இனி என் விஷயம். 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. எட்டாம் நாள் காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன்; ஒன்றுமில்லை. அலமாரியைத் திறந்து கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ், சந்தனம் என்று ஒவ்வொரு பாட்டிலாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். நாற்பது வருஷமாக மூக்கை வைத்துப் பிழைத்தவன். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பொருள்களை முகர்ந்தே பெயர் சொல்லப் பழகியவன். கைகால் விழுந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சாம்பார் அடிபிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சம்சாரம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

அந்த நாட்களில்தான் போஸின் கண் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் கட்டோடு மாதக்கணக்கில் படுத்திருந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார்? அதுவரை அவர் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வெற்றி. இப்போது அந்தப் படுக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. டாக்டர் சொன்னபடி காலை மாலை இரண்டு வேளை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் முகர்ந்து பயிற்சி செய்தேன். முகரும்போது அது எப்படி இருக்கும் என்று மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒண்ணாங்கிளாஸ் பையன் ஆனா ஆவன்னா எழுதுவது மாதிரி. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் மாதம் காபி, கருகிய ரப்பர் மாதிரி நாறியது. அதையும் ஒரு முன்னேற்றம் என்றார் டாக்டர்.

கம்பெனியில் என்னிடம் பயிற்சிக்கு இருந்த இரண்டு பிள்ளைகள் அப்போது போன் செய்துகொண்டே இருந்தார்கள். ஒரு பாக்குச் சென்ட் சரியாக வரவில்லை என்று கேட்பார்கள். என்னால் முகர முடியாது. ஆனால் அவர்கள் மூக்கை வைத்து, என் ஞாபகத்தை வைத்து இருவரும் சேர்ந்து வழி கண்டுபிடித்தோம். இதில் கொஞ்சம் கூட்டு, அதில் பாதியாகக் குறை, நாளை மறுநாள் என்ன ஆகிறது என்று பார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. இந்தத் தொழில் மூக்கில் மட்டும் இல்லை. கற்றுக்கொடுத்த ஆள்களிடமும் இருக்கிறது. அதுதான் பிடிமானம்.

போஸ் சிதறிவிட்டார் என்று ஒரு காலத்தில் கோபப்பட்டேன் அல்லவா? அந்தக் கோபம் இப்போது இல்லை. எந்தச் சென்ட்டும் பறந்துதான் போகும். அது அதன் குணம். பறக்கிற பொருளை வைத்து வாழ்ந்த மனிதர் அவர். ஆனால் தன்னைவிட நீண்ட நாள் நிற்கக்கூடிய மனிதர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரோ ஒரு இளைஞனைக் கதை எழுதவைத்தார், ஒரு கவிஞரின் குரலைப் பிடித்துவைத்தார், பிள்ளைகளுக்கு இயந்திரத்தைத் திறந்து காட்டினார். எண்ணெய் தீர்ந்து பாட்டிலும் உடைந்துபோன பிறகும், அந்தக் கதைகள் இருக்கின்றன. அவருடைய பிடிமானம் சந்தனமோ வெட்டிவேரோ அல்ல, மனிதர்கள்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேதியியல், தாவரவியல் படிப்பவர்களுக்கு இந்தத் தொழிலில் இன்றும் இடம் இருக்கிறது. கன்னோசியில் 1991 முதல் மத்திய அரசின் வாசனை, சுவை மேம்பாட்டு மையம் நடக்கிறது. பிரான்சில் வெர்சாயில் 1970-ல் தொடங்கிய இசிப்கா என்ற பள்ளி உலகப் பெயர் பெற்றது. ஆனால் பள்ளிக்கு முன் பயிற்சி வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்லுங்கள். குண்டுமல்லிக்கும் ஜாதிமல்லிக்கும் என்ன வித்தியாசம் என்று நோட்டில் எழுதுங்கள். மல்லியைக் கொதிக்கவைத்து வடித்தால் ஏன் சரியாக வராது, கரைப்பானில் ஊறவைத்து ஏன் எடுக்கிறார்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். வேலை மெதுவாகத்தான் வரும். நல்ல மூக்கு என்று பெயர் வாங்க எனக்குப் பத்து வருஷம் ஆனது. முதல் நான்கு வருஷம் பாட்டில் கழுவினேன், எடை போட்டேன், அவ்வளவுதான்.

சீட் கிடைக்கவில்லை, மார்க் குறைந்துவிட்டது, வேறு ஏதோ கோர்ஸில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று நம் கல்லூரியில் இன்றைக்கும் நாலு பேராவது உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். கல்கத்தா மெடிக்கல் காலேஜை விட்டு வெளியே வந்த அந்தப் பையனை அப்போது ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாசனை முழுவதும் திரும்பவில்லை. பாதிக்கு மேல் வந்திருக்கிறது. முதலில் வந்தது எது தெரியுமா? அந்த வருஷக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கொல்லையில் வேர் வெட்டி அலசிப் போட்டிருந்தார்கள். காற்று கடல் பக்கமிருந்து திரும்பி வந்தபோது, மெல்ல, எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி, அந்த ஈர மண் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். உனக்கு வெட்டிவேர் இருக்கிறதே என்று சீனியர் சொன்னது கிண்டல் இல்லை என்று புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. சங்கமத்துக்கு வரும்போது ஒரு கட்டு வெட்டிவேர் கொண்டுவருகிறேன். ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போங்கள்.